அறுபதாம் கல்யாணம், வெள்ளி விழா பத்திரிகைக்குத் தம்பதியர் போட்டோ: எதை எடுப்பது, எதை விடுவது

போட்டோவைத் தேடும் முன்னால் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸில் பார்த்து வைத்த கார்டு மாதிரியில் போட்டோவுக்கு விட்டிருக்கும் கட்டம் எத்தனை அங்குல அகலம், எத்தனை அங்குல உயரம் என்று அளந்து எழுதி வையுங்கள். போன் திரையில் பெரிதாகப் பார்த்துப் பிடித்துப்போன படத்தைக் கடைசியில் கொண்டுபோய்ச் சின்னக் கட்டத்துக்குள் அடைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. திரையில் அழகாக இருப்பது வேறு, அச்சில் ஆள் அடையாளம் தெரிவது வேறு. பத்திரிகைக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

கணக்கைப் பார்க்கலாம். இரண்டு அங்குல அகலம், மூன்று அங்குல உயரமுள்ள நிற்கும் கட்டம் என்று வையுங்கள். உயரம் 76 மில்லிமீட்டர். மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் ஆளுக்கு 65 மில்லிமீட்டர் கிடைக்கும். மனித உடலில் தலை ஏறத்தாழ ஏழரையில் ஒரு பங்கு. ஆகவே தலை முதல் கால் வரை நிற்கும் படமானால் முகம் 9 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும், சட்டைப் பொத்தானை விடச் சிறியது. சரி, இடுப்புவரை வெட்டிப் பெரிதாக்கலாமே என்றால், அங்கே அகலம் தடுக்கும். இருவர் தோளோடு தோள் நின்றால் அகலம் மூன்றரைத் தலை அளவுக்கு வந்துவிடும். இரண்டு அங்குலத்துக்குள் அதை அடைத்தால் முகம் 14 மில்லிமீட்டரைத் தாண்டாது. அதே படத்தை மூன்று அங்குல அகலம், இரண்டரை அங்குல உயரமுள்ள படுத்த கட்டத்தில் வைத்தால் முகம் 18, 19 மில்லிமீட்டர் வரும். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம். தம்பதியர் படத்துக்குப் படுத்த கட்டமோ சதுரமோதான் சரி. கார்டு மாதிரியில் நிற்கும் கட்டம் இருந்தால் டிசைனரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அது பத்து நிமிட வேலை.

இந்த மில்லிமீட்டர் கணக்கு ஏன் இவ்வளவு அவசியம்? ஆஃப்செட் அச்சு என்பது புள்ளிகளால் ஆனது. வழவழப்பான பூச்சுள்ள நல்ல ஆர்ட் கார்டில் ஓர் அங்குலத்துக்கு 175 வரிசைப் புள்ளிகள் விழும். ஒரு பத்திரிகையை எடுத்து, துணிக்கடைக்காரர் நூல் எண்ணும் லென்ஸை வைத்துப் பாருங்கள். நீலப்பச்சை (சயான்), இளஞ்சிவப்பு (மெஜந்தா), மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள் ரோஜா இதழ்போல வட்டம் வட்டமாகச் சேர்ந்திருக்கும். முகம் 9 மில்லிமீட்டர் என்றால் ஒரு கண்ணின் அகலத்துக்கு ஒன்பது புள்ளிகள்தான் கிடைக்கும். அதற்குள் இமை, விழி, வெண்விழி, பார்வை எல்லாம் வந்தாக வேண்டும். முகம் 19 மில்லிமீட்டர் என்றால் பதினெட்டுப் புள்ளிகள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. முகம் 15 மில்லிமீட்டருக்கு மேல் வரட்டும். 12-க்குக் கீழே போகும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்திரிகைக்கு வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் கட்டத்தின் சரியான அளவில் ஜன்னல் வெட்டுங்கள். போனில் படத்தைச் சுருக்கி, அந்த ஜன்னலுக்குள் முழுப் படமும் அடங்கும்படி வைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வீட்டில் கண்ணாடி போடும் பெரியவர் ஒருவரைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கச் சொல்லி, ஆள் அடையாளம் தெரிகிறதா என்று கேளுங்கள். பத்திரிகை கையில் வாங்கும் உறவுக்காரர்களில் பாதிப்பேர் அந்த வயதுக்காரர்கள்தானே.

அடுத்து, விழா எது என்பதை வைத்துப் படம் மாறும். அறுபதில் வரும் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் வரும் பீமரத சாந்தி, எண்பதையொட்டி வரும் சதாபிஷேகம் மூன்றும் கணவரின் வயதை வைத்து வருபவை, திருமணம் ஆன ஆண்டை வைத்து அல்ல. தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வரும்போது அறுபதாம் கல்யாணம். 2026 ஏப்ரலில் தொடங்கும் பராபவ ஆண்டில் அது 1966 ஏப்ரலுக்கும் 1967 ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு வருகிறது. நாள் பிறந்த தமிழ் மாதம், ஜென்ம நட்சத்திரப்படி அமைவதால் ஆடியிலும் வரலாம், மார்கழியிலும் வரலாம். இந்தப் பத்திரிகைகளுக்கு இப்போது எடுத்த படம்தான் பொருத்தம். விழாவின் பொருளே இந்த வயதை எட்டிய நிறைவு, அந்த வயது முகத்தில் தெரியட்டும். இருபது வருடம் முந்தைய படத்தைப் போட்டு இளமையாகக் காட்டினால் விழாவுக்கே பொருந்தாது.

வெள்ளி விழா, பொன் விழா வேறு. அவை திருமண ஆண்டை வைத்து வருபவை, பழைய கல்யாணப் படத்துக்கு அங்கே முழு உரிமை உண்டு. 2001-ல் கல்யாணம் ஆனவர்களுக்கு 2026-ல் வெள்ளி விழா. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அந்தக் காலக் கல்யாணங்கள் அநேகமாக எல்லாமே பிலிம் சுருளில் எடுக்கப்பட்டவை. 1976-ல் ஆனவர்களுக்குப் பொன் விழா. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஸ்டுடியோவில் நாற்காலியும் ஸ்டூலும் போட்டு எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக இருக்கும். அந்த ஒன்றே போதும்.

சிலர் பழைய கல்யாணப் பத்திரிகையையே உள்பக்கத்தில் சிறிதாக அச்சிடுகிறார்கள். நல்ல யோசனை. கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல்தான். அதற்கு முந்தைய பத்திரிகையில் ‘தருமபுரி மாவட்டம்’ என்றுதான் இருக்கும். டிசைனர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய படத்தை எடுப்பதில் பொறுமை வேண்டும். முதலில் நெகடிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆல்பத்தோடு வந்த பிளாஸ்டிக் உறை, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், பழைய சூட்கேஸில் என்று எங்காவது இருக்கும். 35 மில்லிமீட்டர் நெகடிவை 3200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 3200 புள்ளி) ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் 4500 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். பத்திரிகைக்கும் போதும், மண்டப வாசல் பேனருக்கும் போதும். நெகடிவில் பூஞ்சை படர்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். துடைத்தால் முகமும் சேர்ந்து போகும். மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

நெகடிவ் இல்லை, பிரிண்ட்தான் இருக்கிறது என்றால் 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400×3600 பிக்சல். அதற்கு மேல் போனாலும் பிரிண்டில் இல்லாத விவரம் வராது. போனில் ஸ்கேன் செய்யும் ஆப் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை ஆவணத்துக்காகச் செய்யப்பட்டவை, எழுத்தைத் துலக்குகிறேன் என்று முகத்தின் நிழல்களை அழித்துவிடும். 80, 90-களில் வந்த பிரிண்ட்களில் நிறைய, தேன்கூடுபோலச் சொரசொரப்பான தாளில் போட்டவை. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுவதால் ஒவ்வொரு சொரசொரப்பும் நிழல் போட்டு, முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வழி இருக்கிறது. படத்தை ஒருமுறை நேராக வைத்து ஸ்கேன் செய்யுங்கள், அடுத்து 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொன்று. போட்டோஷாப்பில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தி, மேல் லேயரின் அடர்த்தியை (ஒபாசிட்டி) 50 சதவீதம் ஆக்கினால் எதிரெதிர் நிழல்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். ஸ்கேனர் இல்லாவிட்டால் படத்தைச் சுவரில் ஒட்டி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு வைத்து, கேமராவை நேர் எதிரே நிறுத்தி எடுக்கலாம்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படம் பல வீடுகளில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். உரிக்க முயன்றால் முகத்தின் தோல் கண்ணாடியோடு வந்துவிடும், பிறகு எந்த டிசைனராலும் மீட்க முடியாது. கண்ணாடியோடேயே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, துணிக்குப் பின்னாலிருந்து எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது.

மூடிய ஆல்பத்தில் இருந்த கலர் படம் செங்கல் நிறமாகிப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத் தாளில் இருந்த மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலும் மங்கும், மிச்சம் இருப்பது சிவப்பும் மஞ்சளும். போட்டோஷாப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் பிரிவுக்கும் (சேனல்) தனித்தனியாக வெளிச்ச அளவை (லெவல்ஸ்) சரிசெய்தால் பெரும்பகுதி நிறம் திரும்பும். வேட்டியின் வெள்ளையும் தலைமுடியின் கறுப்பும் எங்கே என்று அதற்குக் காட்டினால் போதும். அப்படியும் முகத்தில் நிறம் திரும்பாவிட்டால் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். அரைகுறை நிறத்தை விட அது கண்ணியமாக இருக்கும்.

கல்யாண வீடியோவிலிருந்து ஒரு காட்சியை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விசிடியின் ஒரு பிரேம் 352×288 பிக்சல். 300 டிபிஐயில் அது ஒன்றே கால் அங்குலம்கூட வராது. டிவிடி 720×576, அதிலும் டிவி திரையில் முகம் கையகலம் இருந்தால்தான் ஏதோ தேறும். வேறு படமே இல்லை என்றால் தவிர வேண்டாம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏஐ ஆப்பில் நிறம் ஏற்றுவது இப்போது எல்லா டிசைன் சென்டரிலும் நடக்கிறது. இதில் கண்டிப்பாக இருங்கள். அந்த ஆப்புக்கு அம்மாவின் கூறைப்புடவை அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று தெரியாது, தனக்குத் தோன்றிய நிறத்தைப் போடும். நிறமாவது அம்மாவிடம் கேட்டு மாற்றிவிடலாம். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் ஆப்கள்தான் மோசம். இல்லாத விவரத்தை அவை தாமே வரைகின்றன. பல் வரிசை மாறும், கண்ணின் வடிவு மாறும், கன்னத்து மச்சம் காணாமல் போகும். சின்னத் திரையில் ஆஹா என்றிருக்கும். பெரிதாக்கிப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே சாயலில் வேறொரு பெண் நின்றுகொண்டிருப்பாள். கீறல், கறை, மடிப்புக் கோடு ஆகியவற்றை மட்டும் கையால் சரிசெய்யச் சொல்லுங்கள். முகத்தைத் தொட வேண்டாம்.

‘அன்றும் இன்றும்’ என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைப்பதானால், இரண்டிலும் முகத்தின் அளவு ஒன்றாக இருக்கட்டும். இருவரும் நிற்கும் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். பழையதில் மனைவி இடப்பக்கம், புதியதில் வலப்பக்கம் என்றிருந்தால் பார்ப்பவர் கண் தடுமாறும். அதைச் சரிசெய்ய யாராவது ஒரு படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அது எப்படிக் காட்டிக்கொடுக்கும் தெரியுமா? சட்டைப்பை இடது மார்பிலிருந்து வலது மார்புக்குப் போயிருக்கும். முந்தானை இடது தோளில் விழாமல் வலது தோளில் விழும். மூக்குத்தி பக்கம் மாறும், தலை வகிடு மாறும். ஊரில் தையற்காரர் ஒருவர் கையில் அந்தப் பத்திரிகை கிடைத்தால் போதும், முதல் பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். போன் முன் கேமராவில் எடுக்கும் செல்ஃபியும் சில போன்களில் இப்படித் திரும்பித்தான் பதிவாகும். புதுப்படம் எடுக்கும்போதே பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வரிசையில் நிறுத்துவதுதான் தீர்வு. பழைய படம் ஏதும் இல்லாதபோது யார் எந்தப் பக்கம் என்பதை உங்கள் வீட்டு வழக்கப்படி பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுப்படம் எடுக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒகேனக்கல் போய் அருவி பின்னால் தெரிய எடுக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. பத்திரிகைக்கு அது உதவாது. வெள்ளை அருவியைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கறுக்கும். சாரல் லென்ஸில் படியும். கணவரின் வெள்ளைச் சட்டையும் அருவியும் ஒன்றாகக் கலக்கும். மேலாக, இரண்டரை அங்குலத்தில் அருவி ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். கிருஷ்ணகிரி அணையின் பூங்காவும் அப்படியே, காலை ஏழு, ஏழரை மணிக்கு நிழலில் நின்றால் மட்டும் நல்லது. நம் மாவட்டங்களில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கருங்கல் பாறை மிக நல்ல பின்னணி. சாம்பல் நிறம் பட்டுக்கும் ஒத்துப்போகும், தோல் நிறத்தையும் கெடுக்காது. பாறையின் நிழல் பக்கத்தில், பாறையிலிருந்து ஐந்தடியாவது முன்னால் தள்ளி நில்லுங்கள்.

மாந்தோப்பு விஷயத்தில் எச்சரிக்கை. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் வீட்டைச் சுற்றியே தோப்பு இருக்கும், அங்கேயே எடுக்கத் தோன்றும். அடர்ந்த இலைகளுக்குக் கீழே வரும் வெளிச்சம் பச்சையாக வரும். கண் அதைப் பழகிக்கொள்ளும், கேமரா பழகாது. கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் பச்சை படிந்து, நோயில் எழுந்தவர்போலத் தெரியும். தோப்பின் ஓரத்தில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நின்றால் பிரச்சினை இல்லை. இதே காரணத்தால் சிவப்பும் மஞ்சளுமான சாமியானாப் பந்தலுக்குக் கீழே எடுத்த படமும் வேண்டாம். உறவினர் கல்யாணத்தில் எடுத்த படங்கள் நிறைய இப்படித்தான் கெட்டுப்போகின்றன. நம் வீடுகளில் அடிக்கும் கிளிப்பச்சை, ரோஸ் சுவருக்குப் பக்கத்தில் நின்றாலும் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். எல்லாவற்றையும் விட நல்ல இடம் வடக்குப் பார்த்த திண்ணை. பெரும்பாலும் நேர் வெயில் விழாது, வெளிச்சம் முன்னாலிருந்து மென்மையாக வரும்.

போனில் எடுப்பதானால் இரண்டு மடங்கு லென்ஸை வைத்து ஏழெட்டு அடி தள்ளி நின்று எடுங்கள். அகல லென்ஸில் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும், ஓரத்தில் நிற்பவர் முகம் பக்கவாட்டில் இழுபடும். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். பின்னணியை மங்கலாக்கும்போது ஜிமிக்கியின் ஓரத்தையும் மல்லிகைச் சரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும், காதோரம் கத்தரித்து ஒட்டியதுபோலத் தெரியும். கேமராக்காரர் எடுப்பதானால் லென்ஸ் திறப்பை f/5.6 அளவில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். f/1.8-ல் எடுத்தால் ஒருவர் அரையடி பின்னால் நின்றாலும் அவர் கண் மங்கிவிடும். வீட்டுக்குள் எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக வந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி ஆக்கினால் போய்விடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு. குறைந்தது பதினைந்து ஷாட் எடுங்கள். இருவரில் ஒருவர் கண் சிமிட்டியிருப்பார், இன்னொருவர் யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்.

கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடேயே நிற்கட்டும், ஊர் அவர்களைப் பார்ப்பது அப்படித்தான். காதுப்பக்கக் கம்பியை இரண்டு மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் கண்ணாடி சற்றுக் கீழே சாய்ந்து, வெளிச்சம் லென்ஸுக்கு வராமல் தரைக்குப் போகும். வெயிலில் கறுக்கும் கண்ணாடியானால் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுங்கள். திருநீறு பூசுபவர்கள் மெலிதாகப் பூசிக்கொள்ளட்டும். ஃப்ளாஷ் அடித்தால் தடித்த திருநீறு நெற்றியை வெள்ளைத் திட்டாக்கிவிடும்.

புடவை நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நாலு மையால் காட்டுகிறது. திரையில் வரும் சில நிறங்கள் மையில் வரவே வராது. ராணி பிங்க், கிளிப்பச்சை, மயில் கழுத்து நீலம், வாடாமல்லி இந்த நாலும் அச்சில் சோர்ந்துபோகும். ராணி பிங்க் அழுக்கு ரோஸாகும், மயில் கழுத்து மங்கிய கருநீலமாகும். பிரஸ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, மையின் எல்லை அது. அரக்கு, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு, கரும்பச்சை நன்றாக வரும். பத்திரிகைப் படத்துக்கென்றே புடவை தேர்ந்தெடுப்பதானால் இவற்றிலிருந்து எடுங்கள். பொடிக்கட்டம் போட்ட புடவையும் சட்டையும் வேண்டாம். கட்டமும் அச்சுப் புள்ளி வரிசையும் மோதி அலையலையாக வரும். பெரிய சரிகை பார்டர் நல்லது, ஆனால் நேர் ஃப்ளாஷில் வெள்ளையாக அடித்துவிடும். கணவருக்குத் தூய வெள்ளையை விடச் சந்தன நிறப் பட்டுச்சட்டை அச்சில் பாதுகாப்பு. வெள்ளைச் சட்டையை வெள்ளைக் கார்டில் கட் அவுட் செய்து வைத்தால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

தனித்தனிப் படங்களை ஒட்டித் தம்பதியர் படம் ஆக்குவதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். ஒருவர் வெளியூரில் இருக்கிறார், படுக்கையில் இருக்கிறார் என்று வேறு வழி இல்லாதபோது, இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று மூக்கின் நிழலைப் பாருங்கள். ஒருவருக்கு இடப்பக்கமும் மற்றவருக்கு வலப்பக்கமும் நிழல் விழுந்தால் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் ஒட்டியது ஒட்டியதுதான்.

இன்னொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி முட்டை வடிவக் கட்டம், நீலப் பின்னணி, சிரிக்காத பாஸ்போர்ட் முகம், சுற்றிலும் கருநிறக் கோடு. இந்த நாலும் சேர்ந்தால் நம் ஊர்த் தெருமுனைகளில் வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரின் அமைப்பு அப்படியே வந்துவிடும். டிசைனர் இளைஞராக இருந்தால் அவருக்கு அது உறைக்காது. பத்திரிகையைக் கையில் வாங்கும் பெரியம்மாவுக்கு உறைக்கும், சொல்ல மாட்டார், மனதில் வைத்துக்கொள்வார். ஒருவர் மட்டும் மாலை போட்டிருக்கும் படமும் இதே காரணத்தால் வேண்டாம். இருவரும் மாலையோடு சேர்ந்து நிற்கும் படம் என்றால் தவறில்லை. மறைந்த பெற்றோரின் படத்தை ‘ஆசியுடன்’ என்று மேலே வைக்கும் குடும்பங்கள், அதைத் தம்பதியர் படத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வையுங்கள், வேறு வடிவக் கட்டத்தில். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கு விழா என்ற குழப்பம் வரும்.

டச்சப்பில் நிறத்தை வெளுக்க வைப்பதைத் தடுத்து நிறுத்துங்கள். நீங்கள் கேட்காமலேயே செய்துவிடுவார்கள். கறுத்த முகத்தை வெளுப்பாக்கினால் முகம் சப்பையாகிவிடும், கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கும், சொந்தங்களுக்கு அந்நியமாகத் தெரியும். மாநிறமும் கறுப்பும் நம்முடைய நிறம், அச்சில் அது அழகாக வரும், செய்யத் தெரிந்தவர் செய்தால். டிசைனருக்கு ஒரு குறிப்பு: முகத்தில் மஞ்சள் மெஜந்தாவை விடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும், சயான் மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் இருக்கட்டும். சயான் கூடினால் முகம் சாம்பலாகும், மெஜந்தா கூடினால் வெயிலில் வெந்ததுபோலாகும். தலைச்சாயம் அடித்த முடி அச்சில் நீலம் தட்டும், அதை மட்டும் சரிசெய்யலாம். நெற்றிச் சுருக்கமும் கண்ணோரக் கோடுகளும் இருக்கட்டும்.

படத்தை அனுப்புவதில் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கும். மூன்று அங்குலப் படத்துக்கு 900 பிக்சல் போதும் என்பதால் முழுப்படத்தையே போடுவதானால் பாதகமில்லை. ஆனால் பத்துப்பேர் நிற்கும் குடும்பப் படத்திலிருந்து இருவரை மட்டும் வெட்டுவதானால் முகத்துக்கு நூறு பிக்சல்கூட மிஞ்சாது. வெட்டிய பிறகு ஒரு முகத்தின் உயரம் 225 பிக்சலாவது இருக்க வேண்டும். எப்போதும் டாக்குமென்ட்டாகவே அனுப்புங்கள். பேனருக்கும் அதே படம்தான் என்றால் இது இன்னும் முக்கியம்.

கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: சாதாரண நாலு நிற அச்சில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் கார்டின் நிறம்தான் தெரியும். மினுமினுக்கும் தங்க நிறக் கார்டில் அச்சிட்டால் வேட்டி தங்க நிறம், பல் தங்க நிறம், கண்ணின் வெள்ளையும் தங்க நிறம். அந்தக் கார்டுதான் வேண்டும் என்றால் படத்தை மட்டும் வெள்ளை ஆர்ட் பேப்பரில் தனியாக அச்சிட்டு ஒட்டச் சொல்லுங்கள், செலவு கொஞ்சம் கூடும், ஆனால் அதுதான் வழி. சொரசொரப்பான, பூச்சில்லாத கார்டில் மை உறிஞ்சிப் பரவும், படம் ஒரு படி கறுக்கும். அதற்காகப் படத்தின் நடுநிறங்களை முன்கூட்டியே சற்று வெளிச்சமாக்க வேண்டும். ஒரே நிற ஸ்கிரீன் பிரிண்டிங் கார்டில் போட்டோவே வேண்டாம், எழுத்தும் பிள்ளையாரும் போதும், அழகாகவே இருக்கும். படம் ஓரம்வரை போவதானால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், முகமும் கையும் வெட்டு ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். மடிப்புக் கார்டில் மடிப்பு இருவருக்கும் நடுவில் விழாமல் பாருங்கள். தடித்த கார்டு மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும், தம்பதியருக்கு நடுவில் அந்தக் கோட்டை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழோடு தெலுங்கிலோ கன்னடத்திலோ சேர்த்து அச்சிடும் வீடுகளில் எழுத்துக்கு இடம் இரட்டிப்பாகும். கடைசி நேரத்தில் டிசைனர் சுருக்குவது போட்டோவைத்தான். வாசகத்தை முழுக்கத் தட்டச்சு செய்து முடித்த பிறகே போட்டோ அளவை முடிவு செய்யுங்கள். இடம் போதாவிட்டால் படத்தை உள்பக்கம் மாற்றுங்கள், சுருக்காதீர்கள்.

தேர்வை இருவரிடமும் விடுங்கள். பிள்ளைகள் சேர்ந்து ரகசியமாகப் படம் தேர்ந்தெடுத்து அச்சிட்டுவிட்டு, அம்மாவுக்குப் பிடிக்காத படம் ஐந்நூறு வீட்டுக்குப் போவது நியாயமில்லை. பதினைந்தை மூன்றாகக் குறைத்து, அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒன்றாகக் காட்டினால் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுத்துவிடுவார்.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தக் காலத்தில் பிரஸ்களில் வேலை குவியும். விழாவுக்கு நாற்பத்தைந்து நாள் முன்பே படம் முடிவாகிவிட வேண்டும். ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், வெறும் தாளிலும் வேண்டாம். அச்சிடப்போகும் அதே கார்டில் இரண்டு பிரதி எடுக்கச் சொல்லி, மேட் லேமினேஷன் உண்டென்றால் அதுவும் போட்டு, பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று பாருங்கள். பார்க்கும் வரிசை இது: முதலில் இருவர் கண்கள், பிறகு பொட்டு இருக்கிறதா, மச்சம் இருக்கிறதா, சட்டைப்பை எந்தப் பக்கம், கழுத்தும் முகமும் ஒரே நிறமா, கடைசியாக ஸ்கேல் வைத்து முகத்தின் உயரம். சரியென்றால் இரண்டு பிரதியின் பின்னாலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒன்றைப் பிரஸ்ஸில் கொடுத்துவிட்டு இன்னொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டு வந்ததும் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று கார்டு உருவி அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.